ராக்கெட் நம்ம மலையைச் சுத்தித்தான் போச்சு

உறவுகளே, வணக்கம்.

தமிழ்நாட்டில் தூத்துக்குடிப் பக்கம் குலசேகரப்பட்டினத்தில் வரும் ராக்கெட் தளத்தைப் பற்றி இங்கே பேச்சு ஓடுவதால் நானும் கொஞ்சம் எழுதுகிறேன். தொண்ணூறுகளில் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம் நம்ம தேயிலைத் தோட்டத்துக் கீழ் லயத்து (வரிசை வீடுகளின்) பிள்ளைகளுக்கு ராக்கெட் பைத்தியம் பிடித்ததே என் அத்தை வீட்டுக் கடிதங்களால்தான். மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பம், எங்கெங்கோ கூலி வேலை பார்த்து, கடைசியில் ஆந்திராவில் சூலூர்ப்பேட்டையில் போய் ஒதுங்கியது. பழவேற்காடு ஏரியைத் தாண்டினால் ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா.

மச்சான் பக்கம் பக்கமாக எழுதுவான். முதலில் வெளிச்சம் மட்டும் ஏறுமாம், சத்தமே இருக்காதாம். ஒரு நிமிஷம் போல கழித்து, ராக்கெட் மேகத்துக்குள் மறைந்த பிறகுதான் இரைச்சல் வந்து ஜன்னல் கம்பியும் அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் தட்டும் நடுங்குமாம். 1993 செப்டம்பரில் முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு மொட்டை மாடியில் நின்று கைதட்டிவிட்டு இறங்கிச் சாப்பிட உட்கார்ந்தார்களாம், அது கடலில் விழுந்தது ரேடியோவில் சொல்லித்தான் தெரிந்ததாம். அடுத்த வருஷம் அக்டோபரில் விட்டது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கடிதங்களைப் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் சத்தமாக வாசிப்போம், பெரியம்மாக்கள் குடத்தை வைத்துவிட்டுக் கேட்பார்கள். கடிதம் வரும்போது ராக்கெட் போய் வாரக்கணக்காகியிருக்கும், இருந்தாலும் மேல் மலைக்கு ஏறி வடக்கே பார்ப்போம். பனிமூட்டம்தான், வேறென்ன! பக்கத்துச் சிவனொளிபாத மலையைக் காட்டித் தாத்தா சொல்வார், “சிவனொளிபாதத்துக்கு மேலால பறந்தா பாவம்டா, அது சுத்தித்தான் போகும்.” நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பாவம் புண்ணியம் கிடக்கட்டும், சுற்றிப் போவது உண்மை. வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் துருவப் பாதைக்கு நேரே தெற்கே விட்டால் நம்ம தீவுக்கு மேலாகப் போக வேண்டும், கழன்று விழும் பாகங்கள் யார் தலையில் விழுமோ என்ற பயம். அதனால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்கிழக்கே கிளப்பி, இலங்கைக்குக் கிழக்கே ஒதுக்கி, அப்புறம் தெற்கே வளைக்கிறார்கள். அந்த வளைவுக்கு எரிபொருள் செலவாகும், தூக்கும் எடை குறையும். எஸ்.எஸ்.எல்.வி. மாதிரிச் சின்ன ராக்கெட்டுக்கு இது பெரிய நட்டம். அதுக்காகத்தான் 2024 பிப்ரவரி 28ஆம் தேதி குலசேகரப்பட்டினத்தில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேரே தெற்கே கடல்தான், வளைக்கத் தேவையில்லை. (முத்தாரம்மன் தசராவுக்கு வேஷம் கட்டும் அதே ஊர்தான்.)

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ஸ்ரீஹரிகோட்டாவை விட அது நம்ம தோட்டத்துக்குப் பாதித் தூரம்கூட இல்லை. அங்கே ராக்கெட் விட ஆரம்பித்ததும், தோட்டத்தில் இன்னும் இருக்கிறவர்கள் யாராவது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேல் மலைக்கு ஏறி, வானம் தெளிவாக இருந்தால் ஏதாவது தெரிகிறதா என்று எழுதுங்கள். இந்த முறை மேற்கே பாருங்கள், வடக்கே இல்லை.