ஓவர்ஃப்ளோ பைப் முழுசா ரொம்பாம ஓடும்போது எவ்வளவு தண்ணி போகும்? கணக்கு எப்படி?

கேள்வி:
மாடில 2000 லிட்டர் டேங்க். மோட்டார் தண்ணி 20 லிட்டர் பக்கெட்ட 12 செகண்டுல ரொப்பிடுது, அப்ப நிமிஷத்துக்கு 100 லிட்டர். இன்லெட் ஒரு இன்ச், அதனால ஓவர்ஃப்ளோ ஒன்னேகால் இன்ச் போதும்னு பிளம்பர் போட்டுட்டாரு, மோட்டார ஆஃப் பண்ண லேட்டானா மூடி வழியா வழிஞ்சு சுவரெல்லாம் ஊறுது. மேனிங் ஃபார்முலால (பைப்போட சாய்வ வச்சு ஓட்டம் பாக்குற கணக்கு) பாத்தா 3 இன்ச் பைப் 100க்கு 1 சாய்வுல பாதி ரொம்பினாலே 90 லிட்டருக்கு மேல வருது. இத நம்பலாமா, இல்ல 2 இன்ச்சே போதுமா?

பதில் 1:
மேனிங் கணக்கு ஒரே சாய்வுல நீளமா ஓடுற பைப்புக்கு சார். உங்களுது டேங்க்ல இருந்து ரெண்டு மூணு அடி நீட்டிட்டு இருக்கும், அங்க எல்லாத்தையும் முடிவு பண்றது பைப்போட வாய்தான். இன்லெட்ல மோட்டார் தள்ளுது, ஓவர்ஃப்ளோல தள்ள ஆளே இல்ல, வாய்கிட்ட நிக்கிற நாலு விரக்கடை தண்ணிதான் தன்னத்தானே தள்ளிக்கணும்.

வாய் முழுசா முங்கிட்டா ஓட்டம் = 0.6 × பரப்பு × √(2 × 9.81 × உயரம்), உயரம் பைப் நடுவுல இருந்து, எல்லாம் மீட்டர்ல. வர்றது செகண்டுக்கு கன மீட்டர், 60,000ஆல பெருக்குனா நிமிஷத்துக்கு லிட்டர். ஒன்னேகால் இன்ச்ல 100 லிட்டர் போகணும்னா 60 செ.மீ தண்ணி நிக்கணும், அதுக்கு முன்னாடியே மூடி வந்துரும். 2 இன்ச்சுக்கு 10 செ.மீ, பைப் அடில இருந்து பாத்தா 12.5.

3 இன்ச் முங்காது, அங்க கிரிட்டிகல் டெப்த் (வாய் வழியா தானா விழுந்து ஓடுறப்ப தண்ணி நிக்கிற ஆழம்) பாக்கணும்: ஓட்டம் = பைப் வாய்ல தண்ணி நிக்கிற குறுக்குப் பரப்பு × √(9.81 × அந்த பரப்பு ÷ தண்ணி மேல்மட்ட அகலம்). 75 மி.மீ-ல 45 மி.மீ ஓடினா 101 லிட்டர் வருது, அந்த வேகம் வர இன்னும் 19 மி.மீ வேணும், அதனால டேங்க்ல பைப் அடில இருந்து 64 மி.மீ நிக்கும், வாய்ல ஆகுற நஷ்டம் சேத்து 7 செ.மீ வச்சுக்கங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றி சார். பைப் அடிக்கும் மூடிக்கும் நடுவுல 11 செ.மீ தான் இருக்கு, அப்ப 2 இன்ச் அவுட். ஆனா வெளிய எல்போ போட்டு பத்தடி கீழ இறக்கிருக்கு, அது இழுக்காதா?

பதில் 2:
இழுக்கும், ஆனா நெலையா இழுக்காது. பைப் ரொம்பினதும் சர்ருனு உறிஞ்சும், மட்டம் எறங்குனதும் காத்து பூந்து குடுகுடுன்னு விட்டுடும், அத நம்பி சைஸ குறைக்காதீங்க. எல்போக்கு பதிலா டீ போட்டு மேல் வாய திறந்து விட்டா அமைதியா ஓடும். கொசு வலை கட்டுனா அதுவும் பாதைய அடைக்கும், பாசி புடிச்சா இன்னும் மோசம். இன்னொன்னு, கடைல 75னு தர்ற பிவிசி பைப்புக்கு அது வெளி விட்டம், உள்ள கம்மி. 90 கேட்டு வாங்குங்க.