பெங்களூரில் வெள்ளிக்கிழமை வேட்டி: மதிப்பு கூடுமா, குறையுமா?

அல்சூர்வாசி:
வெள்ளிக்கிழமை வேட்டி கட்டி ஆபீஸ் போங்க என்று எல்லோரும் உற்சாகப்படுத்துகிறீர்கள். முதல்முறை கட்டுகிறவர்களிடம் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். 2024 ஜூலையில் மாகடி சாலை மாலில், மகனோடு படம் பார்க்க வந்த விவசாயியை வேட்டியைக் காட்டித்தான் வாசலில் நிறுத்தினார்கள். இந்த ஊரில் வேட்டி ஆளைத் தனியாக்கிவிடும்.

தறிக்காரன்:
அந்த ஷாப்பிங் மாலை ஏழு நாள் மூட அரசு உத்தரவிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க. பஞ்செ என்று கன்னடத்தில் சொல்லி வேட்டி கட்டுகிற ஊர் இது, வேட்டி யாருக்கும் புதுசில்லை. அதே வருஷம் பிப்ரவரியில் ராஜாஜிநகர் மெட்ரோவில், தலையில் மூட்டையோடு வந்த விவசாயியை உடை அழுக்கு என்று தடுத்தார்கள். இரண்டு இடத்திலும் காவலாளி எடை போட்டது ஆளின் வசதியை. சலவை வேட்டியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வருகிறவரிடம் அதே காவலாளி "ஏனு விசேஷ, சார்?" என்றுதான் கேட்பார்.

ஆபீஸில் சங்கடம் வருவது பெரும்பாலும் கட்டும் விதத்தால்தான். நாலு முழம் வெயிலில் உள்ளே காட்டும், எதிரே நிற்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எட்டு முழத்தை இரண்டாக மடித்துக் கட்டுங்க, உள்ளே அரை டிரவுசர் போடுங்க. புது வேட்டியைக் கஞ்சி மொடமொடப்போடு கட்டினால் இடுப்பில் நிற்காமல் வழுக்கும். ஒரு தடவை அலசி, லேசாகக் கஞ்சி போட்டால் போதும். மேல் விளிம்பை இரண்டு மூன்று சுற்று இறுக்கி உருட்டணும். கை அடிக்கடி இடுப்புக்குப் போனால் பேசுகிறவர் கண்ணும் அங்கேதான் போகும்.

மெஜஸ்டிக் பயணி:
மெட்ரோ சோதனையை மறந்துட்டீங்க, அண்ணா. பச்சை பெல்ட்டின் பக்கிள் சோதனைக் கருவியில் கத்தும். வரிசையில் எல்லோர் முன்னாலும் சட்டையைத் தூக்கிக் காட்டணும், புதுசாகக் கட்டுகிறவர் அங்கேயே கூசிப்போவார். அதுக்கு ஒட்டிக்கோ வேட்டி நல்லது. போன், கார்டு எல்லாம் பையில். எஸ்கலேட்டரில் விளிம்பு படிக்கட்டுப் பல்லில் மாட்டும். ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடிங்க, இறங்கியதும் விடுங்க.

அல்சூர்வாசி:
கட்டும் முறை சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டத் தெரிந்தவரையும் தடுத்திருக்கிறார்களே! 2014-ல் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே கிரிக்கெட் கிளப்பில் வேட்டிக்காக உள்ளே விடவில்லை. அவரிடம் வசதிக்கும் மரியாதைக்கும் என்ன குறை? உங்கள் வாதம் அங்கே உடைகிறதே. அதே வருஷம் தமிழ்நாடு சட்டம் போட்டது: தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். ஓசூரைத் தாண்டினால் அந்தச் சட்டம் துணைக்கு வராது.

தறிக்காரன்:
நீதிபதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. கிளப்புக்கென்று எழுதி வைத்த உடை விதி இருந்தால் எந்தக் கட்டும் காப்பாற்றாது. அதனால் கிளப், ஓட்டல் விருந்து என்றால் முந்தின நாளே போன் செய்து கேளுங்க. ஆபீஸுக்கு அந்தத் தொல்லை குறைவு. அங்கே கவனிக்க வேண்டியது கரை. கறுப்பு சிவப்புக் கரை கட்டினால் பேச்சு நேரே அரசியலுக்குப் போகும். மெல்லிய ஜரிகையோ ஒற்றைப் பச்சையோ எடுங்க.

மெஜஸ்டிக் பயணி:
மடித்துக் கட்டுவதும்தான். பெரியவர்களோ மேலதிகாரியோ எதிரே வந்தால் இறக்கிவிட்டுப் பேசுங்க. கன்னடக்காரரும் மலையாளியும் அதைக் கவனிப்பார்கள்.

அல்சூர்வாசி:
சரி. முதல் தடவை தனியாகப் போகாமல், அதே தளத்தில் இன்னும் இரண்டு பேரையாவது கட்டச் சொல்லிவிட்டுப் போகட்டும்.