மூடைக் கணக்கு பிழைக்கிறது, கொஞ்சம் உதவுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே நெல் செய்கிறவர்களின் உற்பத்தித்திறன் பற்றி இறுதியாண்டு ஆய்வு ஒன்று செய்கிறேன், பாதி வழியில் சிக்கி நிற்கிறேன்.

ஏக்கருக்கு எத்தனை மூடை என்று கேட்டால் டக்கென்று சொல்கிறார்கள், ஆனால் அந்த மூடையில்தான் பிரச்சினையே. ஒருவர் உரப்பையை வாய்வரை நிரப்பித் தைக்கிறார், பக்கத்து வயல்காரர் முக்கால்வாசியோடு கட்டிவிடுகிறார். போதாக்குறைக்கு அறுவடை மெஷினிலிருந்து நேரே கொட்டும் ஈர நெல். 20 சதவீத ஈரப்பதத்தில் 1000 கிலோ நிறுத்த நெல், காய்ந்து 14 சதவீதத்துக்கு வரும்போது ஏறக்குறைய 930 கிலோதான். அந்தத் தண்ணீரையும் விளைச்சல் என்று எழுதினால் பிறகு ஆய்வு எதற்கு?

கடந்த காலபோகத்தில் (மாரி மழையோடு செய்யும் நெல்) காயவைத்து, நிறுத்து விற்றவர்கள் யாராவது இருந்தால் அந்த நிறுவைத் துண்டின் (எடை எழுதித் தரும் ரசீது) படத்தைப் போடுவீர்களா? பெயர், போன் நம்பரை மறைத்துவிடுங்கள். அப்புறம், உழவு தொடங்கி அறுப்பு வரை எத்தனை பேர் எத்தனை நாள் வேலை செய்தார்கள் என்பதும் வேண்டும், வீட்டு ஆட்களையும் சேர்த்து. "அது எங்கட ஆட்கள்தானே, கணக்கில்லை" என்று ஒரு ஐயா சிரித்தார். அவருடைய மனைவி விடிய ஐந்து மணிக்கே தண்ணீர் மாற்ற வயலுக்குப் போயிருந்தா. ஈரப்பதமானி இரவல் தரக்கூடியவர்களும் சொல்லுங்கள், ஒரு கிழமையில் திருப்பித் தருவேன்.