குழந்தைக்கு இரண்டு மாதம், வெளியே வசந்தம், நான் மட்டும் இன்னும் வீட்டுக்குள்

அரைத்தூக்கம்:

தோழிகளே, குழந்தை பிறந்தது நல்ல குளிரில். அப்போது யாருமே வெளியே தலைகாட்டவில்லை என்பதால் நான் உள்ளேயே கிடந்தது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது பனியெல்லாம் போய் வெயில் அடிக்கிறது, எதிரில் இருக்கிற மரம் முழுக்கத் துளிர்விட்டுவிட்டது, தெருவில் போகிறவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள், நான் மட்டும் நேற்று உடுத்திய அதே உடையில், தோளில் பால் கக்கிய துணியோடு ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "இவ்வளவு அழகான நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு நடை போகலாமே?" போகலாம்தான். ஆனால் பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, டயப்பர் மாற்றி, சட்டை மாட்டி, நான் தலை வாரி முடிப்பதற்குள் மறுபடி பசிக்கு அழுகிறாள். நேற்று செருப்பு வரைக்கும் போட்டுவிட்டேன், அப்புறம் கழற்றிவிட்டேன். சாயங்காலமானால் அவள் காரணமில்லாமல் அழ, சில நாள் கூடவே நானும் அழுகிறேன். கணவர் வேலை முடிந்து வந்து "இன்றைக்கு என்ன செய்தாய்?" என்று சாதாரணமாகத்தான் கேட்கிறார், எனக்குச் சொல்ல ஒன்றுமே இருப்பதில்லை.

கேட்க வந்தது இதுதான். நீங்கள் எல்லாம் எப்படி வெளியே கிளம்பினீர்கள்? இந்தக் குளிரும் வெயிலும் மாறி மாறி வருகிற நாட்களில் இவ்வளவு சின்னக் குழந்தைக்கு எத்தனை துணி போடுவது? போகாமலே இருந்தால் தப்பா?

இரட்டைப்பிள்ளைக்காரி:

முதலில் அந்த "என்ன செய்தாய்" கணக்கைப் பார்த்துவிடலாம். இந்த வயதுக் குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு ஏப்பத்தோடு சேர்த்து 40 நிமிடம், நாளைக்கு 10 தடவை என்று வைத்தால் 400 நிமிடம். அதாவது ஆறு மணி நாற்பது நிமிட நேரம் நீ நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்று மட்டுமே. டயப்பர், துணி துவைப்பது, தூங்க வைப்பது எல்லாம் தனி. இதை அவரிடம் அப்படியே சொல்லு, நம்பரோடு.

கிளம்புவதற்கு ஒரே வழிதான் எனக்கு வேலை செய்தது. பால் குடித்து முடித்ததும் கிளம்ப வேண்டும், அதற்கு முன்னால் தயாராகிக் காத்திருக்கக் கூடாது. பையை முந்தைய இரவே கட்டி வாசலில் வைத்துவிடு, அதில் இரண்டு டயப்பர், ஒரு மாற்று உடை, ஒரு துணி போதும், வீட்டையே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. தலை வாராமல் போ. யாரும் உன் தலையைப் பார்க்க மாட்டார்கள், குழந்தையைத்தான் பார்ப்பார்கள். முதல் தடவை தெருமுனை வரை போய்த் திரும்பி வா, அவ்வளவுதான், அது ஒரு நடைதான். வெளியே போன இடத்தில் அழுதால்? அழட்டும், வீட்டிலும் அதைத்தானே செய்கிறாள்.

துணி விஷயம்: உனக்கு என்ன தேவையோ அதற்கு மேல் மெல்லிசாக ஒன்று. கனமான ஒற்றைத் துணியை விட அடுக்கடுக்காகப் போட்டால் வெயில் வந்ததும் ஒன்றைக் கழற்றலாம். கையும் காலும் சில்லென்று இருப்பதைப் பார்த்து பயந்து இன்னொன்றைப் போடாதே, சின்னக் குழந்தைகளுக்குக் கைகால் அப்படித்தான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ விரலை வைத்துப் பார். வியர்த்திருந்தால் துணி அதிகம். வீட்டுக்குள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றிவிடு, தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, ஏனென்றால் அவர்கள் சூட்டை வெளியேற்றுவதில் தலைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒன்றை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வெயில் படக்கூடாது என்று ஸ்ட்ரோலரைத் துணி போட்டு மூடிக்கொண்டு போகிறவர்களை வசந்தம் வந்தாலே பார்க்கிறேன். மெல்லிய துணியாக இருந்தாலும் காற்று நின்று உள்ளே சட்டென்று சூடு ஏறிவிடும். நிழலான பக்கமாகத் தள்ளிக்கொண்டு போவதுதான் வழி.

வீட்டுப்பறவை:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசட்டுமா. ஏன் போக வேண்டும்? இந்தப் பருவத்தில் எல்லோருக்கும் ஒரு கட்டளை மாதிரி ஆகிவிட்டது, வெயில் வந்தால் வெளியே இருக்க வேண்டும், சிரிக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்று. பிரசவம் முடிந்த உடம்புக்கு மரம் துளிர்த்ததும் துளிர்க்காததும் ஒன்றுதான். உதிரப்போக்கே 4 முதல் 6 வாரம் வரை இருக்கும், சிசேரியன் என்றால் அதற்குப் பிறகும் தையல் இழுக்கும். இரண்டு மாதத்தில் ஊரைச் சுற்றி வருகிறவர்கள் வரட்டும், நாம் உட்கார்ந்து பார்க்கலாம்.

போகாமலே இருப்பது தப்பில்லை. ஆனால் வெளிச்சத்தை மட்டும் விடாதே. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் தெரியாது, அந்த ஒழுங்கு இரண்டு மூன்று மாத வாக்கில்தான் மெல்ல வரும். அதற்கு உதவி செய்வது வெளிச்சமும் இருட்டும்தான். காலையில் திரையை விலக்கி, ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து பால் கொடு (நேர் வெயில் குழந்தை மேல் படாமல்), பகல் தூக்கத்துக்கு வீட்டை இருட்டாக்கி எல்லோரும் காதோடு பேச வேண்டாம், இரவில் மட்டும் மங்கலான விளக்கு, பேச்சு கிடையாது, விளையாட்டு கிடையாது. இப்போது பகல் நீண்டுகொண்டே போவதால் சாயங்காலமும் வெளிச்சம் இருக்கும், அப்போது திரையை இழுத்துவிடு. காலை வெளிச்சம் உன் தூக்கத்துக்கும் நல்லது.

ஒரு விஷயம், ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலில் வைட்டமின் டி கிடைக்காது, அதற்குத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அதனால்தான் தாய்ப்பால் குடிக்கிற குழந்தைகளுக்குத் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்தாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். உன் மருத்துவர் எழுதிக் கொடுக்கவில்லை என்றால் கேள்.

தும்மல்ராணி:

ஜன்னலைத் திறந்து வை என்று யாராவது சொல்வதற்குள் நான் வந்துவிட்டேன். வசந்தம் என்றால் எனக்கு மூக்கடைப்புதான், பூக்கிற ஒவ்வொரு மரமும் எனக்கு எதிரி. உனக்கும் மகரந்த அலர்ஜி உண்டென்றால் பூப்பூக்கிற நாட்களில் ஈரத்துணிகளை வெளியே உலர்த்தாதே, வெளியே போய் வந்ததும் மேல்சட்டையை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கு, நல்ல மழை பெய்து ஓய்ந்த பிறகு ஜன்னலைத் திற.

மாத்திரையில் கவனம். தூக்கம் வரவைக்கிற பழைய வகை அலர்ஜி மாத்திரை குழந்தையையும் மந்தமாக்கலாம். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளில் இருக்கிற சூடோஎபெட்ரின் பாலையே குறைத்துவிடும். செடிரிசின், லோரடடின் போன்றவற்றைப் பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள், ஆனாலும் கேட்டுவிட்டே எடு. குழந்தைக்கு மூக்கு அடைத்தால் உடனே அலர்ஜி என்று முடிவு கட்டாதே, இந்த வயதில் மகரந்த அலர்ஜி வருவது அபூர்வம், மூக்குத் துவாரம் சின்னது, அவ்வளவுதான்.

நைட்ஷிப்ட்_அப்பா:

சகோதரி, ஆண் ஒருவன் இங்கே எழுதலாமா தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். அவர் கேட்கிற "என்ன செய்தாய்" என்பதற்குப் பதில் தேட வேண்டாம். வாசலில் நுழைந்ததும் கையைக் கழுவச் சொல்லி, பால் குடித்து முடித்த பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் வெளியே போங்கள். ஆமாம், குழந்தை இல்லாமல். எல்லோரும் குழந்தையோடு நடப்பதைப் பற்றியே பேசுகிறார்கள், தனியாக அரை மணி நேரம் நடந்தால் என் மனைவி வேறு ஆளாகத் திரும்பி வருவாள். சாயங்காலம் அழுகிற குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பது எங்களுக்கும் வரும், பழகினால்.

வார்டு_செவிலி:

எல்லோரும் நடைக்கும் துணிக்கும் பதில் சொல்லிவிட்டார்கள், அந்த ஒரு வரியை யாரும் தொடவில்லை. "கூடவே நானும் அழுகிறேன்."

குழந்தையின் அழுகையை முதலில் சொல்கிறேன். அது பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏறிக்கொண்டே போய் ஆறு வார வாக்கில் உச்சத்துக்கு வரும், மூன்று நான்கு மாதத்துக்குள் குறைந்துவிடும், அதிகமும் சாயங்காலத்தில்தான். நீ எதையோ சரியாகச் செய்யாததால் அல்ல. பால் குடிக்கிறாள், ஒரு நாளைக்கு ஆறு டயப்பராவது நனைகிறது, எடை ஏறுகிறது என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். தாங்க முடியாத நிமிடத்தில் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய் மூச்சு விடு, சில நிமிடம் அழுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் 38 டிகிரி செல்சியசோ அதற்கு மேலோ காய்ச்சல் அடித்தால், மூன்று மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு அது அவசரம், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

இனி உன் அழுகை. பிரசவமான சில நாட்களில் வருகிற அழுகை பெரும்பாலானவர்களுக்கு வரும், இரண்டு வாரத்தில் தானாகப் போய்விடும். இரண்டு மாதம் ஆகியும் இருக்கிறது என்றால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம், இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பார்க்க வேண்டும் என்கிறேன். எடின்பரோ அளவுகோல் என்று 1987-இல் வந்த ஒரு கேள்வித்தாள் உண்டு, பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அதைக் கேட்டு வாங்கி நிரப்பு. கூடவே ரத்தத்தில் இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல், பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு கெட்டாலும் இதே சோர்வும் இதே அழுகையும்தான் வரும், அதை மனசு சரியில்லை என்று நினைத்துக் காலம் ஓட்டுகிறவர்கள் உண்டு. குழந்தை தூங்கும்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அடுத்த முறை வரைக்கும் காத்திருக்காதே. உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் என்று ஒரு நினைப்பு ஓடினால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போ, இரவாக இருந்தாலும்.

அரைத்தூக்கம்:

பதில் எழுத இவ்வளவு நேரமானதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும், இதையும் ஒரு கையால்தான் தட்டுகிறேன். செவிலி அக்கா, நீங்கள் எழுதியதைக் கணவரிடம் அப்படியே படிக்கக் கொடுத்தேன். மருத்துவரிடம் நேரம் வாங்கியாகிவிட்டது, அவரும் கூட வருகிறார். 400 நிமிடக் கணக்கு அவரை நன்றாகவே அசைத்துவிட்டது.

நடை விஷயத்தில் வீட்டுப்பறவை பக்கம்தான் இப்போதைக்கு நான். ஜன்னல் ஓரமாக நாற்காலியை நகர்த்தியாயிற்று. நாளைக்கு அவர் வந்ததும் தனியாகப் போகப் பார்க்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், பிறகு ஒருநாள் அவளையும் கூட்டிக்கொண்டு போகும்போது முகத்துக்கு சன்ஸ்க்ரீன் தடவலாமா?

இரட்டைப்பிள்ளைக்காரி:

ஆறு மாதம் ஆகும்வரை வேண்டாம். நிழல், அகல விளிம்பு வைத்த தொப்பி, கை மூடுகிற மெல்லிய பருத்திச் சட்டை, நடுப்பகலைத் தவிர்ப்பது, இவ்வளவுதான். நெஞ்சில் கட்டிக்கொள்கிற பையில் தூக்கிப் போவதென்றால் முகம் எப்போதும் உன் கண்ணில் பட வேண்டும், தாடை நெஞ்சில் மடிந்து கிடக்கக் கூடாது, இருவர் சூடும் சேரும் என்பதால் அன்றைக்கு அவளுக்கு ஒரு துணி குறைத்துப் போடு.