ட்யூப் ஆம்பில் பிளேனர் ஹெட்ஃபோன்: பாஸ் மெலிகிறது, குரல் கரகரக்கிறது. கோளாறு எங்கே?

மெல்லிசை_நேயன்:

வணக்கம் நண்பர்களே. சென்ஹைசர் எச்.டி 650-ஐ ரொம்ப நாளாக ஒரு ட்யூப் ஆம்பில், அதாவது வால்வு ஆம்ப்ளிஃபயரில், கேட்டு வருகிறேன். அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் இல்லாத ஓ.டி.எல் வகை ஆம்ப் அது. அந்த ஜோடியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது ஹைஃபைமேன் சுந்தரா என்ற பிளேனர் ஹெட்ஃபோன் (தட்டையான மெல்லிய சவ்வு அதிரும் வகை) வாங்கியிருக்கிறேன். பிளேனருக்கு போன் பத்தாது, நல்ல ஆம்ப் வேண்டும் என்று பலரும் சொன்னதால் நேராக இந்த ஆம்பிலேயே செருகினேன்.

மிருதங்கத்தில் வலந்தலைச் சொற்கள் பளிச்சென்று விழுகின்றன. தொப்பியின், அதாவது இடப்பக்கத்தின், கும்கி என்ற ஆழ்ந்த ஒலி மட்டும் அடியில்லாமல் போய்விடுகிறது. வால்யூமை ஏற்றினால், பாடகர் முழுக்குரலில் மேலே போகும் இடங்களில் குரலோரம் கரகரக்கிறது. எச்.டி 650-க்கு வைப்பதைவிட வால்யூமை நிறையவே திருப்ப வேண்டியிருக்கிறது. இதே ஹெட்ஃபோனை போனில் செருகும் சின்ன டாங்கிளில் போட்டால் பாஸ் நன்றாக வருகிறது, கரகரப்பும் இல்லை. இதுதான் எனக்குப் புரியவே இல்லை.

ஹெட்ஃபோன் பழக நூறு மணி நேரம் ஓட விட வேண்டும் என்கிறார்கள். அது உண்மையா? இல்லை, ஹெட்ஃபோனிலேயே கோளாறா? திருப்பிக் கொடுக்க இன்னும் அவகாசம் இருக்கிறது.

காதுமெத்தை:

முதலில் சாதாரண விஷயங்களை ஒதுக்கிவிடுவோம். கண்ணாடி போட்டுக்கொண்டு கேட்கிறீர்களா? கண்ணாடிக் காம்பு பேடைத் தூக்கினால் காதைச் சுற்றி இடைவெளி விழும். பிளேனரின் அடிப் பாஸ் அந்த இடைவெளி வழியாகத்தான் போகும். இரண்டு பேடையும் உள்ளங்கையால் லேசாக அழுத்திப் பாருங்கள். பாஸ் கூடினால் பேட் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது கேபிள். மாற்றுக் கேபிள் போட்டிருந்தால், ஒரு பக்கம் மட்டும் பிளஸ் மைனஸ் மாறி இருக்கலாம். அப்படி இருந்தால் நடுவில் நிற்க வேண்டிய குரல் நடுவில் நிற்காது, தலைக்குள் எங்கோ பரவிக் கிடக்கும். ஒரு மோனோ பதிவைப் போட்டால் உடனே தெரிந்துவிடும்.

பழக விடுவது பற்றி என் கருத்து: பேடின் பஞ்சு அமுங்கி, காதுக்கும் டிரைவருக்கும் உள்ள தூரம் குறையும்போது ஒலி கொஞ்சம் மாறும். உங்கள் காதும் புது ஒலிக்குப் பழகும். ஆனால் டாங்கிளில் வருகிற பாஸ் ஆம்பில் வராததற்கு அது காரணமாகவே முடியாது.

மெல்லிசை_நேயன்:

நன்றி அண்ணா. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், அழுத்தியும் பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லை. கேபிள் கூடவே வந்ததுதான். மோனோ பதிவில் குரல் அப்படியே நடுவில் நிற்கிறது.

ட்ரையோடு:

டாங்கிளில் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னதே பாதி விடை. ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஆம்பின் தாளில் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஆம்பின் வெளிவழியிலேயே இருக்கும் மின்தடை) எவ்வளவு, எத்தனை ஓம் ஹெட்ஃபோனுக்குப் பரிந்துரை என்று இருக்கும். அந்த இரண்டு வரியையும் இங்கே போடுங்கள்.

மெல்லிசை_நேயன்:

அவுட்புட் இம்பீடன்ஸ் 120 ஓம். பரிந்துரை 150 முதல் 600 ஓம் வரை.

ட்ரையோடு:

சரி, விஷயம் அங்கேதான். சுந்தரா 37 ஓம், சென்சிடிவிட்டி (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் என்பது) ஒரு மில்லிவாட்டுக்கு 94 டெசிபெல். எச்.டி 650 300 ஓம், ஒரு வோல்ட்டுக்கு 103 டெசிபெல். இந்த இரண்டு எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது, அலகு வேறு. பாட்டின் உச்சத்தில் 110 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போடுவோம்.

எச்.டி 650-க்கு சுமார் 2.2 வோல்ட், 7.5 மில்லிஆம்பியர் போதும். சுந்தராவுக்கு 40 மில்லிவாட் வேண்டும். அதாவது வோல்ட்டேஜ் 1.2 தான், கரண்ட் 33 மில்லிஆம்பியர். ஒன்று வோல்ட்டேஜ் கேட்கிறது, இன்னொன்று கரண்ட் கேட்கிறது. பலமான ஆம்ப், பலமில்லாத ஆம்ப் என்று பொதுவாகப் பேசுவதில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. உங்கள் ஆம்ப் வோல்ட்டேஜில் தாராளம், கரண்ட்டில் கஞ்சம்.

இனி ஒவ்வொன்றாக. 120 ஓமுக்குப் பின்னால் 37 ஓமைத் தொங்கவிட்டால் ஆம்ப் தரும் வோல்ட்டேஜில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் ஹெட்ஃபோனுக்குப் போகும், கிட்டத்தட்ட 12.5 டெசிபெல் இழப்பு. எச்.டி 650-இல் அந்த இழப்பு 3 டெசிபெல் அளவுதான். நீங்கள் வால்யூமை நிறையத் திருப்ப வேண்டியிருப்பது இதனால்.

கரகரப்புக்கு வருவோம். இந்த வகை ஆம்பில் வால்வு சும்மா இருக்கும்போதே ஒரு நிலையான கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். ஹெட்ஃபோனுக்குச் சுத்தமாகத் தரக்கூடிய உச்ச கரண்ட் ஏறத்தாழ அந்த அளவுதான். அது 30 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், மேலே சொன்ன 33 ஒருவகைச் சராசரி, அதன் அலையின் உச்சி 47 வரை போகும். ஆகவே உச்சி வெட்டுப்படும், அதாவது கிளிப்பிங். குரல் முழுவீச்சில் எழும்பும்போது மட்டும் கரகரப்பது அதனால்தான். எச்.டி 650-இல் இதே சத்தத்துக்கு உச்சி 11 மில்லிஆம்பியரைத் தாண்டாது.

பாஸ் மெலிவது வேறு காரணம். ட்ரான்ஸ்பார்மர் இல்லாததால், வால்வின் டி.சி (நேர்மின்னோட்டம்) ஹெட்ஃபோனுக்குள் போகாமல் தடுக்க வெளிவழியில் ஒரு கெபாசிட்டர் இருக்கும். அந்த கெபாசிட்டரும் எதிரே உள்ள மொத்த ஓமும் சேர்ந்து ஒரு ஹை-பாஸ் ஃபில்டர், அதாவது அடி அலைவரிசைகளை வெட்டும் வடிகட்டி. 300 ஓம் ஹெட்ஃபோன் இருக்கும்போது அதன் வெட்டு காதுக்கு எட்டாத அடியில் கிடக்கும். ஓம் குறையக் குறைய வெட்டு மேலே ஏறும்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஆம்பைத் திறக்காதீர்கள். உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் உண்டு, அணைத்த பிறகும் கெபாசிட்டரில் தங்கியிருக்கும். வெளியே ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு, ஹெட்ஃபோன் ஒரு வாயில் இருக்க, இன்னொரு வாயில் மல்டிமீட்டரை ஏ.சி வோல்ட்டில் வையுங்கள். 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு 0.300 வோல்ட் வருமாறு வால்யூமை வையுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் 90, 40 ஹெர்ட்ஸில் என்ன காட்டுகிறது என்று எழுதுங்கள். ஹெட்ஃபோன் மேசையில் இருக்கட்டும், தலையில் வேண்டாம். சுந்தராவில் 0.3 வோல்ட் என்றால் 98 டெசிபெல் தொடர் ஒலி.

வால்வு_விரும்பி:

கணக்கெல்லாம் சரி. ஆனால் எண்களை வைத்தே ஒலியை முடிவு செய்துவிட முடியாது என்பது என் அனுபவம். எச்.டி 650 இந்த வகை ஆம்பில் உயிரோடு ஒலிக்கும், சாலிட் ஸ்டேட்டில் (ட்ரான்சிஸ்டர் ஆம்பில்) தட்டையாகிவிடும். அந்த இதத்தை எந்த மீட்டரும் காட்டாது.

ட்ரையோடு:

இதம் இருப்பது உண்மை. நானும் அந்த ஜோடியை விரும்பிக் கேட்கிறேன். அதில் ஒரு பகுதியை மீட்டர் காட்டும் என்பதால்தான் 90 ஹெர்ட்ஸைச் சேர்த்தேன். அவர் அளந்து வரட்டும், பேசுவோம்.

மெல்லிசை_நேயன்:

அளந்துவிட்டேன். சுந்தரா: 400-இல் 0.300, 90-இல் 0.275, 40-இல் 0.212. எச்.டி 650: 400-இல் 0.300, 90-இல் 0.330, 40-இல் 0.300.

40 ஹெர்ட்ஸில் இவ்வளவு விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஆம்ப், ஒன்றில் இறங்குகிறது, இன்னொன்றில் ஏறுகிறது!

ட்ரையோடு:

அருமையான அளவு. 0.300-இலிருந்து 0.212 என்றால் சரியாக 3 டெசிபெல் இறக்கம், அதுவும் 40 ஹெர்ட்ஸில். கெபாசிட்டர் சுமார் 25 மைக்ரோஃபாரட் இருக்கும் என்று இதிலிருந்தே சொல்லிவிடலாம். 150 ஓமுக்கு மேல் உள்ள ஹெட்ஃபோனை நினைத்துச் செய்த ஆம்புக்கு அது போதும். பரிந்துரை வரியில் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

எச்.டி 650-இன் 300 ஓம் என்பது பெயரளவு எண். டைனமிக் டிரைவர் தன் ஒத்ததிர்வு இடத்தில், இதற்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வாக்கில், 500 ஓம் வரை ஏறும். ஓம் ஏறும் இடத்தில் 120 ஓமில் இழக்கும் பங்கு குறையும். அதனால் அங்கே மட்டும் 0.8 டெசிபெல் அதிகம் கிடைக்கிறது. வால்வு_விரும்பி சொன்ன இதத்தில் ஒரு பங்கு இந்த மேடு. இன்னொரு பங்கு வால்வு சேர்க்கும் இரண்டாம் ஹார்மோனிக் (மூல ஒலியின் இரட்டிப்பு அலைவரிசை). இரண்டும் காதுக்கு இனிமை, மறுக்கவில்லை. ஆனால் அந்த இனிமை ஹெட்ஃபோனும் ஆம்பும் சேர்ந்த ஜோடிக்குச் சொந்தம். ஆம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போய் இன்னொரு ஹெட்ஃபோனோடு வைத்தால் கூடவே வராது. சுந்தராவின் இம்பீடன்ஸ் கேட்கும் எல்லை முழுக்கத் தட்டை, மேடு உண்டாக வழியே இல்லை.

அவுட்புட் இம்பீடன்ஸ் ஹெட்ஃபோன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்ற விதியையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். இம்பீடன்ஸ் ஏறி இறங்கும் ஹெட்ஃபோன்களுக்கும், பல டிரைவர் கொண்ட இயர்போன்களுக்கும் அது முக்கியம். பிளேனரில் அது விடுபட்டால் நிறம் அவ்வளவாக மாறாது, சத்தமும் கரண்ட்டும்தான் போகும். உங்கள் ஆம்பில் கெபாசிட்டர் குறுக்கே வந்ததால் நிறமும் மாறியது.

வால்வு_விரும்பி:

90 ஹெர்ட்ஸ் எண்ணைப் பார்த்ததும் ஒப்புக்கொள்கிறேன், நான் கேட்பது அதுவேதான். ஒரு கேள்வி. சென்ஹைசரின் இன்னொரு ஹெட்ஃபோனான எச்.டி 800-இன் கூர்மையை அடக்க ட்யூப் ஆம்ப் போடுங்கள் என்கிறார்களே, அதுவும் இதே வழியா?

ட்ரையோடு:

பாதி. 100 ஹெர்ட்ஸ் பக்கம் அதற்கும் மேடு உண்டு, பாஸ் கொஞ்சம் ஏறுவதால் மொத்தச் சமநிலை கீழ்ப்பக்கம் சாயும். ஆனால் கூர்மைக்கு மூலம் 6 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் உள்ள சிகரம். ஆம்ப் அதைத் தொடாது. எச்.டி 800 எஸ்-இல் அந்தச் சிகரத்துக்கென்றே ஓர் உறிஞ்சியை வைத்தார்கள். பழைய எச்.டி 800-இல் ஈக்யூவில் (ஈக்வலைசரில்) அந்த இடத்தை மட்டும் சில டெசிபெல் இறக்குவதுதான் நேர்வழி.

காதுமெத்தை:

நேயன், இனி எந்த இரண்டு ஆம்பை ஒப்பிட்டாலும் இப்போது செய்தது போல ஹெட்ஃபோன் செருகியிருக்கும்போதே 400 ஹெர்ட்ஸில் வோல்ட்டைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். ஒன்றில் 0.300 என்றால் இன்னொன்றில் 0.297-க்கும் 0.303-க்கும் நடுவில் வர வேண்டும். அரை டெசிபெல் கூடினாலே சத்தம் கூடியதாகத் தோன்றாது, தெளிவும் பாஸும் கூடியதாகத் தோன்றும். மெல்லிய ஒலியில் நம் காது பாஸைக் குறைவாகக் கேட்கும் என்பது 1933-இலேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டியது. ஒப்பிடுகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

பாட்டை மாற்றாமல், உங்களுக்கு மனப்பாடமான இருபது முப்பது விநாடித் துண்டையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். தொப்பியும் குரலும் சேர்ந்து வரும் அந்த இடமே போதும். முடிந்தால் எது ஓடுகிறது என்று தெரியாதபடி வீட்டில் யாரையாவது மாற்றிப் போடச் சொல்லுங்கள்.

மெல்லிசை_நேயன்:

ரொம்ப நன்றி. ட்யூப் ஆம்பை எச்.டி 650-க்கே விட்டுவிடுகிறேன். சுந்தராவுக்கு டாங்கிளே போதுமா, தனி ஆம்ப் வேண்டுமா? அதில் ஈக்யூ போட்டு அடிப் பாஸை 6 டெசிபெல் ஏற்றிக் கேட்க ஆசை.

ட்ரையோடு:

உங்கள் டாங்கிள் 1 வோல்ட் தரும் வகை என்றால், 37 ஓமில் 27 மில்லிவாட், உச்சம் 108 டெசிபெல். ஈக்யூ இல்லாமல் பலருக்கு அது போதும். 6 டெசிபெல் ஏற்ற வேண்டுமானால் டிஜிட்டல் கிளிப்பிங் வராமல் இருக்க ஈக்யூவின் ப்ரீஆம்பை (மொத்த அளவை) 6 டெசிபெல் இறக்க வேண்டும், அப்போது கையில் இருப்பது 102 தான். மிருதங்கம் போல அடி அடியாக எழும் இசைக்கு அது பற்றாது. 2 வோல்ட் தரும் சாலிட் ஸ்டேட் ஆம்ப் இருந்தால் இழந்த 6 திரும்பக் கிடைக்கும்.

வாங்கும்போது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள். 32 ஓமில் எத்தனை மில்லிவாட் என்ற வரிதான் சுந்தராவுக்கு வேண்டியது. 100-க்கு மேல் இருந்தால் சரி. அவுட்புட் இம்பீடன்ஸ் 2 ஓமுக்குள் இருக்கட்டும். ட்யூப்தான் வேண்டும் என்றால் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் உள்ளதாக, 32 ஓமுக்குத் தனி வாய் கொடுத்திருக்கும் ஆம்பாகப் பாருங்கள். கையில் வந்ததும் அதே 400, 90, 40 அளவை எடுத்து இங்கே போடுங்கள்.