பழைய கான் ரயில் பாதையை ஒட்டி ஊட்னடாட்டா சாலையில் பயணம்

கேள்வி: ஜூலையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் மாரியிலிருந்து மார்லா வரை, சுமார் 620 கி.மீ. மண்சாலையில் காரோட்டிச் செல்ல எண்ணியுள்ளோம். வழியில் தவறவிடக் கூடாத ரயில் இடிபாடுகள் எவை? ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்குச் சென்ற கான் ரயிலின் பழைய பாதையை ஒட்டியே சாலை ஏன் செல்கிறது?

பதில் 1: எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணீர்தான். நிலத்தடிப் பெருநீர்ப்படுகையின் ஊற்றுகள் வரிசையாக அமைந்திருந்ததால், முதலில் தந்திக் கம்பியும், பின்னர் நீராவி எஞ்சினுக்கு நீர் வேண்டியிருந்த ரயிலும் அவ்வழியையே பின்பற்றின. ஆனால் அந்த நீர் கொதிகலன்களில் படிவை உண்டாக்கியதால், நீரில் கரைந்த உப்புகளை நீக்கி அதன் கடினத்தன்மையைக் குறைக்கும் கோபுரங்கள் தேவைப்பட்டன. கர்டிமுர்க்கா நிலையத்தில் அத்தகைய கோபுரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அங்கே கட்டாயம் இறங்கிப் பாருங்கள்.

பதில் 2: என் தேர்வு, நீல்ஸ் ஆற்றின் மேல் 1892இல் திறக்கப்பட்ட, 578 மீட்டர் நீளமுள்ள ஆல்ஜிபக்கினா பாலம். பெரும்பாலான நாட்களில் வறண்டு கிடக்கும் ஆற்றுக்கு இவ்வளவு நீளமா என்று தோன்றும். வெள்ளம் வந்த காலங்களில் இப்பாதை பலமுறை அரித்துச் செல்லப்பட்டதை அறிந்தால் அப்படித் தோன்றாது. அதனால்தான் மேற்கே புதிய பாதை அமைத்து, 1980இல் பழையதைக் கைவிட்டனர்.

பதில் 3: மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள், மூடிய சாலையில் சென்றால் அபராதம் உண்டு. மாரி, வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா ஆகியவற்றுக்கிடையே ஏறத்தாழ 200 கி.மீ. இடைவெளி இருப்பதால், ஒவ்வோர் ஊரிலும் எரிபொருளை நிரப்பிக்கொண்டு, கூடுதல் டயரும் போதிய குடிநீரும் வைத்திருங்கள்.