பின்லாந்தில் நெடுநாள் வாழ்பவர்களே, உலகிலேயே மகிழ்ச்சியான நாடு என்கிறார்களே, அந்த நிறைவை நேரில் பார்த்தீர்களா?

தம்பெரேவிலிருந்து:

உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் தொடர்ந்து பின்லாந்துக்கே முதலிடம். செய்தி வந்த அன்றே சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்கள். நானோ பஸ் நிறுத்தத்தில், ஆளுக்கு ஆள் இரண்டு மீட்டர் தள்ளி, முகத்தில் சலனமே இல்லாதவர்கள் நடுவே நின்றுகொண்டிருப்பேன்.

இவர்களைப் பேசவைக்கச் சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குத்தான் போக வேண்டும். எங்கள் ஊரின் பிஸ்பலா பகுதியில் இருக்கும் ராயாபோர்த்தி சவுனா, 1906இல் திறந்தது. இன்றும் இயங்கும் பொதுச் சவுனாக்களில் நாட்டிலேயே பழையது. ஆவியில் வெந்த பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து ஆறுவார்கள். பனி பெய்தாலும் அப்படித்தான். அங்கே ஒரு முதியவரிடம் மகிழ்ச்சிப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். "கணக்குப் போட்டவர்கள் எங்கோ தவறு செய்திருக்கிறார்கள்" என்றார். இங்கே எல்லோரும் அடிக்கும் நகைச்சுவை அது. நான் விடவில்லை. எவ்வளவு சிரித்தீர்கள் என்பதை வைத்து வரிசை போடுவதில்லை. பூஜ்யம் முதல் பத்து வரை படிகள் உள்ள ஏணியில் உங்கள் வாழ்க்கை எந்தப் படியில் நிற்கிறது என்றுதான் கேட்கிறார்கள் என்றேன். யோசித்துவிட்டு "எட்டு" என்றார். பத்து ஏன் இல்லை? "அதற்குப் படகுக்குப் புது மோட்டார் வேண்டும். இருப்பதே ஓடுகிறதே!"

இதைத் துறவு மனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் பார்த்தவரை இது பயம் இல்லாததால் வரும் நிதானம். நோய் வந்தால் வீட்டை விற்க வேண்டியதில்லை. பள்ளியில் மதிய உணவு 1948 முதல் இலவசம், பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து. வரியைப் பற்றி முணுமுணுப்பார்கள், கட்டிவிடுவார்கள். யாருக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு வரி என்பது பொதுத் தகவல். நவம்பரில் பத்திரிகைகள் பட்டியல் போடும். அன்று ஒருநாள் பொறாமைப்பட அனுமதி உண்டு! மற்ற நாட்களில் பகட்டுக்கு மதிப்பில்லை. எங்கள் குடியிருப்பில் வசந்தகாலத்தில் எல்லோரும் சேர்ந்து முற்றத்தைச் சுத்தம் செய்வோம். என்னோடு சருகு வாரியவர் ஒரு நிறுவனத்தின் தலைவர் என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

ஔலுவிலிருந்து:

மேலே எழுதியவருக்கு வந்தவுடன் வேலை இருந்திருக்கும். என் மனைவி முதுகலை படித்தவர். பின்னிஷ் மொழி போதாது என்று விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. டிசம்பர் நடுவில் இங்கே பகல் நான்கு மணி நேரம்கூட நீடிக்காது. அந்த இருட்டில் வேலையும் இல்லாமல் இருந்தால் எட்டாவது படியெல்லாம் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்த செப்டம்பரில் பக்கத்து வீட்டுப் பாட்டி வாளியோடு வந்து என் மனைவியைக் காட்டுக்கு அழைத்துப்போனார். காடு யாருடையது என்று பாட்டிக்கும் தெரியாது. யார் காடானாலும் பெர்ரியும் காளானும் பறிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வீட்டை ஒட்டிப் போகக் கூடாது, அவ்வளவுதான். வகுப்பில் ஏறாத மொழி அங்கே ஏறத் தொடங்கியது. வேலை கிடைக்க அதற்குப் பிறகும் நாளானது. ஏணிக் கேள்வியை எங்களிடம் கேட்டால், எனக்கு ஆறு, அவருக்கு ஏழு. பெர்ரிக் காலத்தில் கேட்டால் அவர் கூட்டிச் சொல்வார்.